குண்டனுக்கு ஊற்றிய தண்ணீர்

காலி தம்ளர் ஒன்று மேசையில் இருந்தால் சின்னவனுக்குக் கை நிற்காது. இருபது வருடமாக ஓட்டலில் சர்வர். சாப்பிட வந்தவர் வாயைத் திறந்து தண்ணீர் கேட்டுவிட்டால் அது அந்த மேசையின் சர்வருக்கு அவமானம் என்று நினைக்கிற ஆள். பேச்சு ஒரு பக்கமும் பார்வை ஒரு பக்கமும் இருக்கும். கை மட்டும் ஜாடியைச் சாய்த்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழே சரியாக நிறுத்திவிடும். முதலாளியே புதிதாகச் சேர்ந்தவர்களிடம், "அவன் கையப் பாருங்கடா" என்பார். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் சின்னவன் என்றே அழைக்கப்பட்டவனுக்கு, பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது இந்தக் கை ஒன்றுதான்.

ஓட்டலை இடித்துப் புதுப்பிக்கிறார்கள் என்று அவனுக்கு விடுமுறை கிடைத்த நேரத்தில், அக்காவின் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அக்கா மகளிடம் போயாக வேண்டும். அக்கா வீட்டிலேயே இருக்கும் அப்பாவை யார் பார்த்துக்கொள்வது? சின்னவன்தான் வந்தான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலையை நிறுத்தி வெகு நாளாகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நடுவில் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே தங்கும். அதனால் அவருடைய தண்ணீருக்கு அளவு உண்டு. அந்த அளவுக்குக் காவல் அக்கா. அப்பா அவளுக்கு வைத்திருந்த பெயர் வார்டன்.

கிளம்புகிற அன்று அக்கா பையை வாசலில் வைத்துவிட்டு அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டில்.

"இதுதான் அவருக்கு ஒரு நாளைக்கு. காலைல ரொப்பி வெச்சுடு. மாத்திரைக்கும் வாய் நனைக்கவும் எல்லாம் இதுலேர்ந்துதான். டீ குடுத்தேன்னா அந்த அளவு தண்ணிய இதுலேர்ந்து கொட்டிடணும்."

"கொட்டணுமா?"

"ஆமா. சிங்க்ல."

"தாகமா இருக்குன்னு சொன்னா?"

"சொல்லுவார். ஐஸ் கட்டி ஒண்ணு வாயில போடு. எலுமிச்சைத் துண்டு குடு, சப்பட்டும். இல்லன்னா வாய் கொப்பளிக்கச் சொல்லு. ஆனா துப்பறாரான்னு பக்கத்துல நின்னு பாரு. முழுங்கிடுவார்."

"என்னக்கா, போலீஸ் வேலை மாதிரி இருக்கு."

"போலீஸ்காரனுக்காவது லீவு உண்டு" என்றவள் ஜன்னல் பக்கம் போனாள். காலை வெயில் விழுகிற அந்தத் திட்டில், மண் தொட்டியில் குண்டன் நின்றுகொண்டிருந்தான். ஜேடு என்று நர்சரிக்காரர்கள் சொல்லும் செடி. அடித்தண்டு குழந்தையின் மணிக்கட்டுப் பருமன். இலைகள் ஒவ்வொன்றும் உப்பிய கன்னம் போலக் கொழுகொழுவென்று இருக்கும். எங்கோ ஒரு வரவேற்பறையில் உதிர்ந்து கிடந்த ஒற்றை இலையைப் பொறுக்கி வந்து, அதையே இந்த உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"இவனத் தொடவே தொடாத. போன வாரம்தான் ஊத்தினேன். நான் வர வரைக்கும் தாங்குவான்."

"ஒரு மாசமா?"

"இலை பூரா தண்ணிதான் சேத்து வெச்சிருக்கான். வேணும்போது அவனே எடுத்துக்குவான். சந்தேகமா இருந்தா ஈர்க்குச்சிய அடிவரைக்கும் சொருகிப் பாரு. காஞ்சு வந்தாலும் உடனே ஊத்தாத. அதுக்கப்புறமும் பொறுத்துதான் ஊத்தணும்."

"அப்பாவுக்கும் கிடையாது, செடிக்கும் கிடையாது. உன் வீட்டுல யாருதான்க்கா தண்ணி குடிக்கறது?"

அக்கா சிரிக்கவில்லை. "உன் சர்வர் புத்திய இங்க காட்டாத. அவ்வளவுதான்."

அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதிலும் அவள் இப்படித்தான். அவன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் மருந்தைத் தடவுவாள்; ஊத மாட்டாள். மனசு வறண்ட ஜென்மம் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததில் அவனுக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

"வார்டன் போயாச்சா?" உள்ளிருந்து அப்பாவின் குரல்.

"போயாச்சுப்பா."

"கதவச் சாத்திட்டு வா."

அப்பாவின் உதடு வெடித்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பேசும்போது டக்கென்று பிரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலும் அதன்மேல் ஒரு தம்ளரும் இருந்தன. தம்ளர் காலி. அவர் எதுவும் கேட்கவில்லை. தம்ளரைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். அவ்வளவுதான். கை எப்போது ஜாடியை எடுத்தது, எப்போது சாய்த்தது என்று பிற்பாடு யோசித்தபோது சின்னவனுக்கு நினைவே வரவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கடைசிச் சொட்டு வரை தம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"வயித்துல பால வார்த்தடா" என்றார். "உனக்குத்தான் மனசு இருக்கு. அவளும் இருக்காளே!"

சின்னவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் ஓட்டலில் சேர்ந்த அன்று இதே அப்பா, "எச்சித் தட்டு எடுக்கற வேலைக்கா உன்னப் பெத்தேன்?" என்று கேட்டவர். பிறகு அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசியதில்லை. விசேஷங்களில் யாராவது, "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் மகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இப்போது அவருக்கு அவன் மனசு உள்ளவன். அந்த ஒரு வார்த்தைக்காக ஆற்றையே கொண்டுவந்து ஊற்றச் சொல்லியிருந்தாலும் ஊற்றியிருப்பான்.

அன்றைக்கே ஜன்னலைத் துடைக்கும்போது குண்டனின் அடி இலை ஒன்று சுருங்கியிருப்பது கண்ணில் பட்டது. மண்ணைத் தொட்டுப் பார்த்தான். பொடிச் செங்கல்லும் கரடு மணலும் கலந்த வறண்ட மண். 'உனக்கும் பட்டினிதானா?' என்று செடியிடம் கேட்டான். ஈர்க்குச்சியைத் தேடவில்லை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு நிரம்பி வழியும் வரை ஊற்றினான். செடி குளிர்ந்தது போல இருந்தது அவனுக்கு.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

"இருக்குக்கா."

பொய் இல்லை. அப்போதுதான் மறுபடி ரொப்பி வைத்திருந்தான். கட்டிலில் அப்பா பள்ளிக்கூடப் பையன் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவனும் சிரித்தான். அப்பாவும் அவனும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது இதற்கு முன் எப்போது என்று அவனுக்கு ஞாபகமில்லை.

அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு தம்ளர், டீக்குப் பின்னால் ஒரு தம்ளர், வெயில் ஏறியதும் ஒன்று. அப்பா வார்டனைப் போல நடந்து காட்டுவார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் அளவு பார்ப்பார். சின்னவன் வயிறு வலிக்கச் சிரிப்பான். ஜாடியைக் கையில் எடுத்த சூட்டோடு குண்டனுக்கும் ஒரு வாய்.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். நர்ஸ் முள்ளைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தாத்தா, பொண்ணு ஊர்ல இல்லையா?"

"உனக்கு யாரும்மா சொன்னா?"

"மெஷினே சொல்லுதே. இவ்வளவு தண்ணி ஏறினா எப்படி உருவறது? கால் இழுத்துக்கிட்டா நீங்கதான் கத்தப் போறீங்க." அவள் சின்னவன் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஏதாவது கூடக் குடுத்தீங்களா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நானேதான். பாத்ரூம் குழாய்ல பிடிச்சுக் குடிச்சுட்டேன்."

நர்ஸ் காத்திருந்தாள். நல்ல நீளமான காத்திருப்பு அது. சின்னவன் எடை மெஷினின் ரப்பர் விரிப்பில் அப்பாவின் பாதம் பதிந்திருந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சுட்டது. ஆனால் சூட்டுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது: அப்பா எனக்காகப் பொய் சொன்னார். வீடு திரும்பும் வரை அதை மிட்டாய் போல வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தான்.

நாளையிலிருந்து கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாமல் இல்லை. மறுநாள் முதல் தம்ளருக்குக் கொஞ்சம் தயங்கினான். அப்பா பெருமூச்சு விட்டு, "நீயும் உங்க அக்கா மாதிரி ஆயிடாதடா" என்றார். அவ்வளவில் தயக்கம் கரைந்தது. அடுத்தடுத்த டயாலிசிஸிலும் எடை ஏறியே இருந்தது; அப்பா அதே பாத்ரூம் குழாயைச் சொல்லிச் சமாளித்தார்.

குண்டன்தான் ஏனோ தேறவில்லை. ஒரு இலை சுருங்கியிருந்தது போய், கிளைக்கு நாலு இலை சுருங்கியது. கன்னங்கள் ஒட்டிக்கொண்டே வந்தன. இவ்வளவு ஊற்றியும் தாகம் அடங்கவில்லையே, எத்தனை நாள் பட்டினியோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினான். அக்கா போனில் செடியைப் பற்றிக் கேட்டபோது, "ஜம்முனு இருக்கான்" என்றான்.

அன்றைக்கு மதியம் ஜன்னல் திட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணி படாமலே ஒரு இலை உதிர்ந்து விழுந்தது. எடுத்தான். வேகவைத்த வெங்காயம் போலக் கண்ணாடியாக இருந்தது. விரலுக்குள்ளேயே நசுங்கி வழிந்தது. கிளையைத் தொட்டான், இன்னும் மூன்று நான்கு விழுந்தன. அடித்தண்டைப் பிடித்துப் பார்த்தபோது கட்டைவிரல் உள்ளே இறங்கியது. பழுப்பாகத் தண்ணீர் கசிந்தது. ஓட்டலில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் மறந்துபோன துணியின் நாற்றம் வந்தது.

தூக்கினான். செடி எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. கீழே வேர் இல்லை. வேர் இருந்த இடத்தில் கறுத்த நூல் போலச் சில. தொட்டியில் சேறு. அடித்தட்டில் அவன் ஊற்றிய தண்ணீர் பாசி பிடித்து நின்றது.

கையில் செடியோடு அப்படியே நின்றான். குடிக்க வேர் இல்லாமல்தான் அது சுருங்கியிருக்கிறது. கழுத்து வரை தண்ணீரில் நின்றுகொண்டு தாகத்தில் வாடியிருக்கிறது. அவன் அந்த வாட்டத்தைப் பார்த்துப் பார்த்து மேலும் மேலும் ஊற்றியிருக்கிறான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் ஏறியது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். அப்பா குறட்டை விடுகிறார் என்று இருந்துவிட்டான். அது குறட்டை இல்லை. கொதிக்கும் தண்ணீரின் கொப்புளம் போல ஒரு சலசலப்பு, ஒவ்வொரு மூச்சுக்கும்.

ஓடினான். அப்பா படுக்கவில்லை. தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது. உப்பிய கன்னம். இரண்டு மூன்று நாளாக, 'அப்பா கொஞ்சம் சதை போட்டிருக்கார்' என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தான். வேட்டியை விலக்கி, அவருடைய முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினான். விரலை எடுத்த பிறகும் குழி குழியாகவே இருந்தது. மேலே வரவில்லை. சேறு ஒட்டிய தன் விரல் ரேகை அதில் பதிந்திருப்பதைப் பார்த்தான்.

"அப்பா."

அவர் கண்ணைத் திறந்தார். மூச்சுக்கு நடுவில் ஒரே ஒரு வார்த்தையைத் தேடிப் பிடித்தார்.

"தண்ணி."

ஆஸ்பத்திரியில் அவரை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். அதே நர்ஸ் கையில் ஊசியோடு நின்றாள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டே, "நுரையீரல்ல ஏறிடுச்சு. எவ்வளவு குடிச்சார்? தோராயமா சொன்னா போதும்" என்றாள்.

மாஸ்க்குக்குள்ளிருந்து அப்பா கையைத் தூக்கினார். விரல் அவர் நெஞ்சையே தொட்டது. நானேதான் என்கிறார். மூச்சு முட்டிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பழைய பொய்யை விடவில்லை. சின்னவன் டாக்டர் பக்கம் திரும்பினான். இன்னொரு முறை அதை வாயில் போட்டு உருட்ட முடியாது.

"நான்தான் குடுத்தேன்" என்றான்.

"சரி, எவ்வளவு?"

டாக்டருக்கு அவன் குற்றம் தேவையில்லை, அளவுதான் தேவை. அவளிடம், தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊற்றுகிறவனுக்கு அளவு தெரியாமல் போகுமா? எந்த ஜாடியில் எத்தனை தம்ளர், எந்தத் தம்ளர் எத்தனை வாய் என்பது அவன் கைக்கு அத்துப்படி. சொன்னான். காலையில் இவ்வளவு, மதியம் இவ்வளவு, பாட்டிலை மறுபடி ரொப்பியது இத்தனை தடவை. சொல்லச் சொல்ல டாக்டரின் கை எழுதுவதை நிறுத்தியது. நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தாள். எடை மெஷின் பக்கத்தில் அவன் பேசாமல் நின்றது அவளுக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு ஊசியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

நடைபாதைக் கோடியிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தான். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை.

"இப்ப மூச்சு?" என்றாள்.

"மெஷின்ல போட்டிருக்காங்க. தண்ணிய உருவிட்டா எறங்கிடும்னாங்க."

போனுக்குள்ளிருந்து மிக மெல்லிய ஒரு அழுகுரல் கேட்டது.

"பொறந்தாச்சாக்கா?"

"காலைலதான். பொண்ணு."

நல்லது என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "நீ வந்துடுக்கா" என்றான். "என்னால முடியாது."

"எப்படி வர்றது? இவளுக்கு ரத்தம் நிறைய போயிருக்கு, எழுந்திருக்கக் கூடாதுன்னுட்டாங்க. நீதான் பாத்துக்கணும்."

"என்ன நம்பியா?"

"வேற யாரு இருக்கா?"

சுவரில் சாய்ந்துகொண்டான். சொல்லாமல் மிச்சம் வைக்கக்கூடாது என்று தோன்றியது. "அக்கா, குண்டனும் போச்சு."

"அவனுக்குமாடா ஊத்தின?"

அவள் குரலில் கோபம் இல்லை. ஒரு ஆச்சரியம்தான் இருந்தது. தம்பி இப்படியும் ஒருத்தனா என்கிற ஆச்சரியம். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மேல கிளை ஏதாவது கெட்டியா இருக்கான்னு பாரு" என்றாள் கொஞ்சம் கழித்து. "கத்தியத் துடைச்சுட்டு, கறுப்பே இல்லாத எடமாப் பாத்து வெட்டு. வெட்டினத அப்படியே காயப் போடு. வெட்டுவாய் காஞ்சு தோல் கட்டணும். அதுக்கு முன்னாடி மண்ணுல வெச்சுடாத. சுருங்கும், பாக்கப் பாவமாத்தான் இருக்கும். தண்ணி மட்டும்..."

நிறுத்திவிட்டாள்.

"தெரியும்க்கா" என்றான்.

அப்பா சில நாளில் வீடு திரும்பினார். முகம் பழையபடி வற்றியிருந்தது. ஜன்னல் திட்டில் பழைய செய்தித்தாள் மேல் ஒரு விரல் நீளக் கிளை கிடந்தது. முழுச் செடியிலும் தேறியது அது ஒன்றுதான். இலைகள் சுருங்கி, கிழவன் கன்னம் போல வரி விட்டிருந்தன. வெட்டிய முனையில் வெள்ளையாகத் தோல் கட்டத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் சின்னவனின் கை பரபரத்தது. கையைக் கட்டிக்கொண்டு நடந்தான்.

காலையில் பாட்டிலை ரொப்பினான். டீ கொடுத்தான். அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து சிங்கில் கொட்டினான். குழாயில் அது இறங்குகிற சத்தம் கட்டில் வரை கேட்டது.

"டேய், ஒரு வாய் குடுடா" என்றார் அப்பா.

"ஐஸ் கட்டி தரேம்பா."

"ஐஸ் கட்டி என்ன கொழந்தைக்கா? தண்ணி குடு."

"இல்லப்பா."

தம்ளரைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவனும் தம்ளரைப் பார்த்தான். காலியாகத்தான் இருந்தது. ஜாடி சமையலறையில். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"எச்சித் தட்டு எடுக்கறவனுக்கு வந்த திமிரப் பாரு" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வார்த்தை பழகிய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அவன் அசையவில்லை. அக்காவுக்கு இவர் என்னென்ன சொல்லியிருப்பார், இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, எத்தனை நாள்? அதில் பாதியை அவனிடமே சொல்லியிருக்கிறார். அவன் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறான்.

வெயில் ஏறியபோது அப்பா தானாகவே திரும்பினார். குரலில் சண்டை இல்லை. "வாயாவது கொப்பளிக்கிறேன்டா. ஒட்டிக்குது."

பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, துப்புவதற்குக் கிண்ணத்தை நீட்டிப் பிடித்தான். அவர் வாயில் வாங்கிக்கொண்டார். கன்னங்கள் உப்பின. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக உருட்டினார். துப்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார்.

சின்னவன் பார்வையைத் திருப்பிக்கொள்ள நினைத்தான். ஒரு கிழவர் வாய் கொப்பளிப்பதை, அதுவும் பெற்ற அப்பாவை, திருடனைப் பார்ப்பது போல நின்று பார்ப்பதா? ஆனால் பார்த்தான். அவருடைய தொண்டைக் குழியையே பார்த்தான், அது ஏறி இறங்குகிறதா என்று. அவன் பார்ப்பதை அவரும் பார்த்தார். இருவருக்கும் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை.

கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனான்.

"துப்புங்கப்பா" என்றான்.